பென்சில்வேனியா கேப்பிட்டலைச் சுற்றிப் பார்க்கச் செல்வோர் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களின் சட்டமன்றக் கட்டடத்தைக் கேப்பிட்டல் என்றே அழைக்கிறார்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் கேப்பிட்டல், சஸ்குவஹானா ஆற்றங்கரையில் உள்ள ஹாரிஸ்பர்க் நகரில் இருக்கிறது. முதன்முறையாகச் செல்ல நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். சில பதில்கள் நீளமானவை. அந்த இடங்களில் பார்க்க வேண்டியவையும் தெரிந்துகொள்ள வேண்டியவையும் அவ்வளவு இருக்கின்றன.

பிலடெல்பியா போன்ற பெருநகரம் இருக்கும்போது ஹாரிஸ்பர்க் எப்படித் தலைநகரானது?

பிலடெல்பியாதான் முதலில் தலைநகராக இருந்தது. மக்கள் மேற்கு நோக்கிக் குடியேறியபோது, கிழக்கு ஓரத்தில் இருந்த அந்த நகரம் எல்லோருக்கும் எட்டாத தூரமாகிவிட்டது. 1799இல் தலைநகரம் லங்காஸ்டருக்கு மாறி, 1812இல் ஹாரிஸ்பர்க்கில் நிலைகொண்டது.

இப்போதுள்ள கட்டடம்தான் தொடக்கத்திலிருந்தே இருக்கிறதா?

இல்லை, இது மூன்றாவது. ஸ்டீபன் ஹில்ஸ் வடிவமைத்த முதல் கட்டடம் 1822இல் நிறைவடைந்து, எழுபத்தைந்து ஆண்டுகள் நின்று, 1897 பிப்ரவரி 2 அன்று தீயில் அழிந்தது. கூட வேறு இடமில்லாத உறுப்பினர்கள் அருகிலிருந்த மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றில் அமர்ந்து அவையை நடத்தினார்கள். அடுத்ததைக் கட்டும் பொறுப்பு ஹென்றி ஐவ்ஸ் காப் என்ற கட்டடக்கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு ஒதுக்கப்பட்ட தொகை 5,50,000 டாலர் மட்டுமே. அந்தப் பணத்துக்குள் எழுந்தது, முற்றுப்பெறாத வெறும் செங்கல் கட்டடம். பார்த்தவர்கள் அதைத் தொழிற்சாலையோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். அதன் பிறகுதான், பென்சில்வேனியாவைச் சேர்ந்த கட்டடக்கலைஞர்கள் மட்டும் கலந்துகொள்ளும் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டு, 1902இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜோசப் ஹஸ்டனின் வரைபடம் தேர்வானது. 1906 அக்டோபர் 4 அன்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் நேரில் வந்து திறப்பு விழாவில் கலந்துகொண்டார். தாம் கண்ட கட்டடங்களிலேயே இதுதான் மிக அழகானது என்று அவர் பாராட்டியதாக இன்றும் சொல்லப்படுகிறது.

வெளியிலிருந்து பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் பச்சைக் குவிமாடம் கண்ணில் படும். மெருகூட்டிய சுடுமண் ஓடுகள் பதித்த அந்தக் குவிமாடம், ரோமின் புனித பேதுரு பேராலயத்துக்காக மைக்கலாஞ்சலோ வரைந்த குவிமாடத்தை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. தரையிலிருந்து உச்சி வரை 272 அடி உயரம். உச்சியில் நிற்கும் பொன்முலாம் பூசிய பெண் சிலைக்குக் ‘காமன்வெல்த்’ என்று பெயர்; செதுக்கியவர் ரோலண்ட் ஹிண்டன் பெர்ரி.

ஆனால் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நேரே உள்ளே போய்விடாதீர்கள். வாசலின் இருபுறமும் ஜார்ஜ் கிரே பர்னார்ட் செதுக்கிய இரண்டு பளிங்குச் சிலைத் தொகுதிகள் இருக்கின்றன. இரண்டிலும் சேர்த்து 27 உருவங்கள். ஒரு தொகுதி, அன்பாலும் உழைப்பாலும் நியதியை மீறாமல் வாழ்பவர்களைக் காட்டுகிறது. மற்றது, நியதியை மீறி வாழ்வின் பாரத்தைச் சுமப்பவர்களைக் காட்டுகிறது. முதல் தொகுதியில் உடல்கள் ஒன்றையொன்று தாங்கி நிமிர்ந்து நிற்க, இரண்டாவதில் தலைகள் கவிழ்ந்து, தோள்கள் தொய்ந்து, உடல்கள் மண்ணை நோக்கிச் சரிகின்றன. பெயர்ப்பலகையைப் படிக்காமலேயே எது எந்தத் தொகுதி என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். உருவங்கள் ஆடையின்றி இருந்ததால் அன்றைக்குப் பெரிய எதிர்ப்பு எழுந்தது. சில இடங்களை மறைக்கச் சுதைப்பூச்சு வைக்க வேண்டியதாயிற்று. சிலைகள் 1911 அக்டோபர் 4 அன்று திறந்து வைக்கப்பட்டன.

பர்னார்ட் இந்தச் சிலைகளுக்காகக் கடனாளி ஆனார் என்பது உண்மையா?

அவர் பட்ட பாடு உண்மைதான். பின்னர் விவரிக்கப்போகும் ஊழல் வெளிவந்ததும், அவருக்கு வர வேண்டிய பணம் நின்றுபோனது. அப்போது அவர் பிரான்சில் தங்கி வேலை செய்துகொண்டிருந்தார். உதவியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், பளிங்கு வாங்க வேண்டும். வேறு வழியில்லாமல், பிரான்சின் கிராமங்களில் கேட்பாரற்றுக் கிடந்த இடைக்காலத் தேவாலயச் சிற்பங்களையும் தூண்களையும் வாங்கி விற்கத் தொடங்கினார். விற்பனைக்காகத் தொடங்கியது தீராத ஆர்வமாக மாறியது. அவர் தமக்கென்று சேர்த்து வைத்த தொகுப்பை 1925இல் ராக்பெல்லரின் நிதியுதவியோடு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வாங்கியது. இன்று நியூயார்க்கில் இலட்சக்கணக்கானோர் பார்க்கும் ‘கிளாய்ஸ்டர்ஸ்’ அருங்காட்சியகத்துக்கு அந்தத் தொகுப்புதான் அடித்தளம். ஹாரிஸ்பர்க்கில் நின்றுபோன ஒரு பணப்பட்டுவாடா, நியூயார்க்கில் ஓர் அருங்காட்சியகமாக முளைத்திருக்கிறது.

அந்த ஊழல் என்ன?

கட்டடத்துக்கு ஒதுக்கப்பட்ட 40 இலட்சம் டாலருக்குள் கட்டுமானம் முடிந்துவிட்டது என்றுதான் திறப்பு விழாவில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். அந்தச் சமயத்தில் மாநிலக் கருவூலராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த வில்லியம் பெர்ரி கணக்குப் புத்தகங்களைப் புரட்டியபோது, அறைகலன்களுக்கும் விளக்குகளுக்கும் அலங்காரத்துக்கும் தனியாகப் பல இலட்சம் டாலர் போயிருப்பதைக் கண்டுபிடித்தார். மொத்தச் செலவு ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் டாலரை எட்டியிருந்தது.

திருட்டு நடந்த விதம் எளிமையானது. மேசை நாற்காலிகளுக்கு அடிக்கணக்கிலும், சரவிளக்குகளுக்கு எடைக்கணக்கிலும் விலை போடப்பட்டது. எடைக்கு விலை என்றால், விளக்கு எவ்வளவு கனமோ ஒப்பந்ததாரருக்கு அவ்வளவு இலாபம். பிரதிநிதிகள் அவையில் தொங்கும் பிரம்மாண்டமான சரவிளக்குகளை அண்ணாந்து பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலணிக்கு மெருகு போடும் மேடை ஒன்றுக்கு 1,600 டாலருக்கு மேல் பட்டியல் போடப்பட்டிருந்தது. விசாரணை நடந்து, ஒப்பந்ததாரரும் உயர் அதிகாரிகளும் ஹஸ்டனும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அவர்களில் இருவர் சிறைக்குப் போகும் முன்பே இறந்துவிட்டார்கள். ஹஸ்டன் 1911இல் பிலடெல்பியாவில் உள்ள கிழக்கு மாநிலச் சிறைச்சாலைக்கு அனுப்பப்பட்டார்.

முன்வாசலில் உள்ள வெண்கலக் கதவுகளின் அருகே சற்று நில்லுங்கள். வரலாற்றுக் காட்சிகளைச் சுற்றிலும் சிறுசிறு மனிதத் தலைகள் பதிக்கப்பட்டிருக்கும். அவை அந்தக் கட்டடத்தோடு தொடர்புடைய அரசியல்வாதிகள், கட்டுமானப் பொறுப்பாளர்கள் ஆகியோரின் முகங்கள். ஹஸ்டனின் முகமும் அவற்றில் ஒன்று. தண்டனை பெற்ற பின்பும் யாரும் அதைப் பெயர்த்து எடுக்கவில்லை. அப்படியே விட்டதுதான் சரி என்பது என் எண்ணம். கட்டடமும் அதன் கணக்கும் ஒரே வாசலில் இருக்கட்டும்.

உள்ளே நுழைந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

எல்லோரும் மேலே பார்ப்பார்கள். குவிமாடத்தின் கீழ் அமைந்த வட்டக்கூடமும், பாரிஸ் ஓபரா அரங்கின் படிக்கட்டை மாதிரியாகக் கொண்ட வெண்பளிங்கு மாடிப்படியும், அதன் அடியில் விளக்கேந்தி நிற்கும் தேவதைச் சிலைகளும் கண்களை இழுக்கும். நீங்கள் முதலில் கீழே பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

தரை முழுவதும் சிவந்த சுடுமண் ஓடுகள். அவற்றினூடே ஏறத்தாழ நானூறு பட ஓடுகள் பதிந்திருக்கின்றன. டாய்ல்ஸ்டவுன் ஊரைச் சேர்ந்த ஹென்றி சாப்மன் மெர்சர் தமது மொரேவியன் சூளையில் செய்தவை இவை. மெர்சர் முதலில் தொல்லியலாளர். மண்ணில் புதைந்த பழங்காலக் கருவிகளைத் தேடி ஆராய்ந்தவர். இயந்திரங்கள் வந்து கைத்தொழில்கள் மறைந்துகொண்டிருந்த காலத்தில், கைவிடப்பட்ட ஏர்களையும் இராட்டைகளையும் மத்துகளையும் சேகரிக்கத் தொடங்கி, ஒரு கட்டத்தில் தாமே மண்ணைப் பிசைந்து சுடக் கற்றுக்கொண்டார்.

மாநிலத்தின் வரலாற்றைத் தரையில் சொல்லும் பணி கிடைத்தபோது அவர் ஆளுநர்களையும் தளபதிகளையும் மட்டும் வரைந்துவிட்டு நிற்கவில்லை. நூல் நூற்பவள், மரம் வெட்டுபவன், ஆப்பிளைக் கொதிக்கவைத்துக் கிளறும் குடும்பம், செவ்விந்தியர்களின் கருவிகள், அந்த மண்ணின் பறவைகள், மீன்கள், பூச்சிகள், அவர் காலத்தில் புதிதாக வந்திருந்த தொலைபேசி, மோட்டார் வண்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் தரைக்குக் கொண்டுவந்தார். 1908இல் இந்தத் தரைக்கென்றே ஒரு கையேடும் எழுதினார். மக்களின் வாழ்க்கையைச் சொல்வதே தம் நோக்கம் என்றும், ஆயிரக்கணக்கான கைகளின் உழைப்பால்தான் இந்த மாநிலம் எழுந்தது என்றும் அதில் விளக்கியிருக்கிறார்.

முடிந்தால் ஒரு படத்தின் அருகே குனிந்து பாருங்கள். வழக்கமான பட ஓடுகளைப் போல இது சதுரச் சதுரமாக வெட்டப்பட்டதல்ல. பறவையின் சிறகுக்கு ஒரு துண்டு, கழுத்துக்கு ஒரு துண்டு என்று உருவத்தின் போக்கிலேயே மண் வெட்டப்பட்டு, வெவ்வேறு நிறத்தில் சுடப்பட்டு, இடையிடையே சாந்து பூசி இணைக்கப்பட்டிருக்கிறது. வண்ணக் கண்ணாடிச் சன்னலில் ஈயக் கம்பி ஓடுவதைப் போல இங்கே சாந்துக் கோடு ஓடுகிறது. ஓடுகளின் மேற்பரப்பு சமமாக இருப்பதில்லை. கையால் அழுத்திய மண்ணுக்குரிய மேடும் பள்ளமும் காலுக்குத் தெரியும். நூற்றாண்டுக்கும் மேலாக மக்கள் நடந்து நடந்து சில இடங்கள் வழவழவென்று தேய்ந்திருக்கின்றன.

படங்களை மிதித்து நடக்கலாமா?

நடக்கலாம். நடப்பதற்காகவே அவை பதிக்கப்பட்டன. வாசலில் போட்ட கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கிப் பழகிய நமக்கு முதலில் கால் கூசும். அந்தக் கூச்சத்தால் ஒரு நன்மையும் உண்டு: நடை தானாகவே மெதுவாகிவிடும்.

வட்டக்கூடத்தின் மேற்பகுதியில் உள்ள ஓவியங்கள் யாருடையவை?

எட்வின் ஆஸ்டின் அபேயுடையவை. பிலடெல்பியாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்தவர். குவிமாடத்தின் கீழ் அரைவட்ட வடிவில் அமைந்த நான்கு பெரிய ஓவியங்களில் மாநிலத்தின் செல்வங்களை அவர் காட்டியிருக்கிறார். சமயச் சுதந்திரம் தேடி வந்த கப்பல்கள், எஃகு உலைகளில் வேலை செய்வோர், சுரங்கத்துக்குள் இறங்குவோர் ஆகியோர் மூன்று ஓவியங்களில் இருக்கிறார்கள். நான்காவதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. எண்ணெய்க் கிணறுகளின் கோபுரங்களுக்கு நடுவே, சுடரேந்திய பெண் உருவங்கள் மேல்நோக்கிப் பறக்கின்றன. மண்ணுக்கடியிலிருந்து எடுத்த எண்ணெய் வீடுகளில் விளக்காக எரிந்த காலம் அது. பூமிக்குள் கிடந்த ஒளி விடுதலை பெற்று எழுவதாக அபே அதைக் கண்டிருக்கிறார்.

குவிமாடத்தின் அடியில் உள்ள வளையத்தைச் சுற்றி எழுதப்பட்டிருப்பவை, மாநிலத்தை நிறுவிய வில்லியம் பென்னின் சொற்கள். 1681இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸிடமிருந்து இந்த நிலத்துக்கான பட்டயத்தைப் பெற்ற அவர், போரை ஏற்காத குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். இங்கே ஒரு புனிதமான சோதனை முயற்சிக்கு இடம் இருக்கலாம், நாடுகளுக்கு ஒரு முன்மாதிரி தேவைப்படுகிறது என்பது அந்த வரிகளின் பொருள்.

பிரதிநிதிகள் அவையில் என்ன இருக்கிறது?

203 உறுப்பினர்கள் அமரும் அவை. அவைத்தலைவரின் இருக்கைக்குப் பின்னால் அபேயின் மிகப் பெரிய ஓவியம் சுவரை நிறைத்திருக்கிறது. பென் நடுவில் நிற்க, பெஞ்சமின் பிராங்க்ளின், ராபர்ட் மாரிஸ் ஆகியோரும், கீழே சுரங்கத் தொழிலாளர்கள் உள்ளிட்ட எளிய மக்களும் கூடியிருக்கிறார்கள். விதானத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தையும் இருபத்துநான்கு பெண்களாக வரைந்த வட்ட ஓவியம் ஒன்று உண்டு. பகல் நேரங்கள் ஒளிரும் ஆடையில் வர, இரவு நேரங்கள் முக்காடிட்டு இருளில் மறைகின்றன. அபே 1911இல் இறந்தார். எஞ்சியிருந்த பணியை அவருடைய நண்பர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் மேற்பார்வையிட்டு முடிக்க உதவினார்.

வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் வில்லியம் வான் இங்கன் வடிவமைத்தவை. இந்த அவையில் 14, செனட்டில் 10. உச்சி வெயில் நேரத்தில் பார்த்தால் அவற்றின் நிறம் நன்றாகத் தெரியும்.

வயலட் ஓக்லி யார்? எல்லா வழிகாட்டிகளும் அவரைப் பற்றியே பேசுகிறார்களே?

பேச வேண்டிய அளவுக்கு அவர் செய்திருக்கிறார். 1874இல் பிறந்த வயலட் ஓக்லிக்கு, ஆளுநரின் வரவேற்பு அறைக்குச் சுவரோவியங்கள் வரையும் பணி 1902இல் கொடுக்கப்பட்டது. அமெரிக்காவில் பொதுக் கட்டடம் ஒன்றுக்கு இப்படிப்பட்ட பணியைப் பெற்ற முதல் பெண் அவர்தான் எனப் போற்றப்படுகிறார். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் இறுதி. பென்னின் வாழ்க்கையைப் படிக்க இங்கிலாந்துக்குப் போனார். படித்தவை அவரையே மாற்றிவிட்டன. போரில்லாத உலகம் என்ற குவேக்கர்களின் கனவை அவர் தம் சொந்தக் கனவாகவே எடுத்துக்கொண்டு, அதற்காக வாழ்நாள் முழுவதும் பேசினார். ஆளுநரின் அறையில், பைபிளை ஆங்கிலத்தில் அச்சிட்டதற்காக உயிரிழந்த வில்லியம் டிண்டேலிடமிருந்து கதை தொடங்கி, சிறைப்பட்ட பென் கடல் கடந்து வந்து புதிய கரையைக் காண்பதோடு முடிகிறது.

அபே இறந்ததும், அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்த செனட் அவையும் உச்ச நீதிமன்ற அறையும் ஓக்லிக்கு வந்தன. செனட் ஓவியங்களை அவர் வரைந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் முதல் உலகப் போர் மூண்டது. 1787இல் அரசியலமைப்பு மன்றத்தில் பேசும் வாஷிங்டன், கெட்டிஸ்பர்க்கில் நிற்கும் லிங்கன் ஆகியோருக்கு மேலே, நீல ஆடையில் ஒருமைப்பாட்டைக் குறிக்கும் மாபெரும் பெண்ணுருவம் கைகளை விரித்திருக்கிறது. போர் நடக்கும்போது அதை வரைந்த துணிவை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் அந்த அவையில் நான் நெடுநேரம் நின்றது பின்சுவரில் உள்ள ஒரு சிறிய கதைக்கு முன்னால்தான். எல்லைப்புறக் காட்டில் ஒரு குவேக்கர் குடும்பம் வாழ்ந்து வந்தது. கதவின் தாழ்ப்பாளோடு கட்டிய கயிற்றை வெளியே தொங்கவிடுவது அவர்களுடைய வழக்கம். யார் வேண்டுமானாலும் இழுத்துத் திறந்து உள்ளே வரலாம் என்பதற்கு அடையாளம் அது. தாக்குதல் நடக்கலாம் என்ற அச்சத்தில் ஓரிரவு கயிற்றை உள்ளே இழுத்துவிட்டார்கள். பிறகு மனம் உறுத்தத் தூக்கம் வரவில்லை. எழுந்து மறுபடியும் வெளியே விட்டார்கள். இரவில் வந்த செவ்விந்தியர்கள் கயிறு தொங்குவதைக் கண்டு, தீங்கு ஏதும் செய்யாமல் திரும்பிப் போனார்கள் என்பது கதை. சட்டம் இயற்றும் அவையின் சுவரில் ஒரு தாழ்ப்பாள் கயிற்றை வரைய ஓக்லிக்குத் தோன்றியிருக்கிறது.

உச்ச நீதிமன்ற அறையில் உள்ள பதினாறு ஓவியங்கள் 1927இல் நிறைவடைந்தன. பழைய கையெழுத்துச் சுவடிகளின் பக்கங்களைப் போல எழுத்தும் படமும் பின்னி அமைந்தவை. இறைநீதியில் தொடங்கி, மோசேயின் சட்டம், ரோமானியச் சட்டம், ஆங்கிலச் சட்டம் எனச் சுவரைச் சுற்றி நடந்து, சர்வதேசச் சட்டத்துக்கும் ஆயுதக் களைவுக்கும் வந்து சேர்கின்றன. விதானத்தில் ஆல்பிரட் காட்வின் அமைத்த பச்சை வண்ணக் கண்ணாடி மாடம். பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் பிலடெல்பியா, பிட்ஸ்பர்க், ஹாரிஸ்பர்க் ஆகிய மூன்று நகரங்களிலும் மாறி மாறி அமர்வதால், அமர்வு இல்லாத நாள்களில் இந்த அறையைப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

கட்டணம் உண்டா? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

கட்டணம் இல்லை. வழிகாட்டியோடு செல்லும் சுற்றுலாவும் இலவசம். வார நாள்களில் அடிக்கடி நடக்கும், வார இறுதியில் எண்ணிக்கை குறைவு. பெரிய குழுவாகச் செல்பவர்கள் முன்பதிவு செய்ய வேண்டும். வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு. வழிகாட்டியோடு சுற்ற ஒரு மணி நேரத்துக்குள் ஆகும். அது முடிந்ததும் கிளம்பிவிடாமல், தரை ஓடுகளுக்காக மட்டும் இன்னொரு மணி நேரம் ஒதுக்குங்கள். குழுவோடு நடக்கும்போது தரையைப் பார்க்க நேரம் கிடைக்காது.

அவை நடக்கும்போது பார்க்க முடியுமா?

முடியும். இரு அவைகளிலும் பொதுமக்களுக்கான மாடங்கள் இருக்கின்றன. ஆனால் கூட்டம் நடக்கும் நாளில் அவைக்குள் இறங்கி ஓவியங்களை அருகில் பார்க்க முடியாது. ஓவியத்துக்காகப் போகிறவர்கள் கூட்டமில்லாத நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எப்படிப் போவது?

பிலடெல்பியாவிலிருந்து ஆம்டிராக் இரயில் ஹாரிஸ்பர்க் வரை ஓடுகிறது. நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். காரில் சென்றால், முன்வாசலை நோக்கி நேராக வரும் ஸ்டேட் ஸ்ட்ரீட் வழியாக வாருங்கள். தெருவின் முடிவில் குவிமாடம் சிறிது சிறிதாக எழுந்து வருவதைக் காணலாம்.

இதோடு சேர்த்து வேறு எதைப் பார்க்கலாம்?

அருகிலேயே பென்சில்வேனியா மாநில அருங்காட்சியகம் இருக்கிறது. இன்னொரு நாள் கையில் இருந்தால் டாய்ல்ஸ்டவுனுக்குச் செல்லுங்கள். மெர்சர் தமக்காகக் கான்கிரீட்டில் கட்டிய மாளிகையும், அவர் சேகரித்த கருவிகளின் அருங்காட்சியகமும், சூளையும் அங்கேதான் இருக்கின்றன. அந்தச் சூளை இன்றும் இயங்குகிறது. கேப்பிட்டலின் தரையில் பார்த்த ஓடுகளின் அதே முறையில் செய்த ஓடு ஒன்றை அங்கே விலைக்கு வாங்கி, கையில் எடுத்துப் பார்க்கலாம்.